முதல் ரவுண்டு

டமார்!

முன் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை அலறிக்கொண்டு பறந்தது. மாடி வீட்டில் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

அடுத்த விநாடி... டப... டப... டப டப டப டப!

உதைத்த காலைத் தரையில் வைக்கவும் மறந்து அப்படியே நின்றான் அவன். ஓடுகிறது. நிஜமாகவே ஓடுகிறது!

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். அவனைவிட மூன்று வயது மூத்த அந்த மோட்டார் சைக்கிள், பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு எலும்புக்கூடும் இரண்டு சாக்குமூட்டையுமாக வந்து இறங்கியது. விடுமுறை என்றால் வண்டி, வேலை விட்டு வந்தால் வண்டி என்று கிடந்தான்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இது ஓடினா மீசைய எடுத்துடறேன்னு சொல்லியிருந்தேன். வீட்ல பிளேடு இருக்கா தம்பி?" என்றார் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன்.

"இருங்கண்ணே, கிரைண்டரே இருக்கு!"

சிரிப்பு அடங்கியதும் எலெக்ட்ரீஷியன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தாழ்த்திய ஹேண்டில்பார். பாசிப்பச்சை டேங்க். பின்பக்கத்தை அறுத்துக் குட்டையாக்கி, ஒரே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சின்ன சீட். அதன் முடிவில் காளையின் திமில் மாதிரி ஒரு மேடு. ராத்திரி பகலாக வீடியோ பார்த்து அவன் கண்டுபிடித்த அழகு அது.

"சீட்டு தையல் பிரமாதம்ப்பா. எங்க குடுத்த?"

"வீட்லயேதான்ணே."

மேற்கொண்டு சொல்லியிருக்கலாம். அதற்குள் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டான். சத்தத்தில் மீதிப் பதில் காணாமல் போனது.

அப்போதுதான் மனைவி வாசலுக்கு வந்தாள்.

கையில் ஒரு புது ஹெல்மெட்.

ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்த கையை அவன் சட்டென்று எடுத்துவிட்டான்.

வண்டி வந்து இறங்கிய அன்று, இதே வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் அவள். வண்டியை வைக்க வீட்டில் இருந்த ஒரே இடம் அவளுடைய தையல் மிஷின் இருந்த பின்னறைதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, மிஷின அடுப்படிக்கு மாத்திக்கறேன். ஆனா ஓடற அன்னைக்கு முதல் ரவுண்டு நான்தான் பின்னாடி உக்காருவேன். ஏரி வரைக்கும்" என்றாள்.

"ஏரி என்ன, ஏரியையே சுத்திட்டு வரலாம்" என்று இவனும் தாராளமாக அள்ளி விட்டான்.

பத்து மாதம் அவள் அடுப்புப் புகையில் தைத்தாள். இவன் "டார்ச்சு!" என்று குரல் கொடுத்தபோதெல்லாம் பாதித் தையலில் எழுந்து வந்து பிடித்தாள். கை அசந்து ஒரு முறைகூட வெளிச்சம் விலகியதில்லை.

கொடுத்த வாக்கை இவன்தான் மறந்துவிட்டான். பின்பக்கத்தை அறுப்பதற்கு முதல் நாள், அவளுடைய அளவு நாடாவையே கேட்டு வாங்கித் தன் இடுப்பை மட்டும் அளந்தான். அப்போதும் நினைவு வரவில்லை. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டும் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்தன. கம்பி இருந்த ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, பெயின்ட்டும் அடித்தான். அரை மில்லி பிசகாத கை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

இப்போது அவள் படியிறங்கி வருகிறாள். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கே உட்காரச் சொல்வது? அந்தத் திமில் மேலா?

சாவியைத் திருப்பி அணைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வண்டி தானாக நின்றதுபோல் இருக்க வேண்டும். 'பழைய வண்டி, இன்னும் சரியாகல, இன்னொரு நாள் போகலாம்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

இடது கையை டேங்குக்கு அடியில் விட்டான். பெட்ரோல் குழாயை மெதுவாகத் திருகி மூடினான்.

டப டப டப டப.

கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை வண்டி நிற்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. பத்து மாதமாக ஓடமாட்டேன் என்று மல்லுக்கட்டிய சனியன், இன்றைக்கு நிற்கமாட்டேன் என்கிறது!

"ஏம்மா, முதல் சவாரி நீதானா?" என்று மாடி வீட்டு அக்கா மேலிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

இவன் தலையைக் குனிந்துகொண்டு டேங்கில் இல்லாத அழுக்கைத் துடைத்தான். காது மடல் இரண்டும் எரிந்தன.

வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சீட்டைப் பார்க்கவில்லை. அதுவே அவனுக்கு என்னவோ போலிருந்தது.

சரியாக அந்த நேரத்தில் இன்ஜின் இருமியது. டப... டப்... ட...

"ஐயையோ, என்னாச்சு இதுக்கு?" என்றான் அவன். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

அவள் குனிந்தாள். தேடவில்லை, தடவவில்லை. டார்ச் பிடித்துப் பழகிய கை நேராக டேங்குக்கு அடியில் போய், மூடியிருந்த குழாயை ஒரே திருகில் திறந்தது.

இன்ஜின் மூச்சு வாங்கி மறுபடி சீரானது. தெரு கைதட்டியது.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே அந்த ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். இம்மி கூடவோ குறையவோ இல்லாமல் பொருந்தியது.

அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"உங்க தலை அளவுக்குத்தாங்க வாங்கினேன். அந்த ஒத்தை ஆள் சீட்டுக்கு உறை தச்சதே நான்தானே?"