வடகரப்பதி போன்

போன் அடித்தது. துருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டுக் கமலாத்தாள் ஓடினாள். "வடகரப்பதிக்காரங்களாத்தான் இருக்கும். பிரதீப்பு, அந்த மோட்டாரை நிறுத்துடா, ஒண்ணுமே காதுல உழுகுல!"

அவர்கள் இல்லை. "உங்களுக்கு அஞ்சு லட்சம் லோன் ரெடியா இருக்கு மேடம்" என்றான் எவனோ.

"அதை உன்ற தலையிலயே போட்டுக்க" என்று வைத்தாள். காலையிலிருந்து இதே பாடுதான். மூட்டுவலி மாத்திரைக்காரன் ஒருவன், பாலக்காட்டில் வீட்டுமனை என்று ஒருத்தி, மலையாளத்தில் ஏதோ இன்சூரன்ஸ்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த மகன் பிரதீப் பல்லைக் கடித்தான். "முடி வளர்ற தைலத்தைப் போன்ல ஆர்டர் பண்ணச் சொல்லி உன்னைய ஆரு கேட்டா? தைலக்காரன் நம்பரை ஊரு பூரா வித்துட்டான். பேசாம அணைச்சு வெய்யி."

"அணைச்சு வெக்கறதா? புரோக்கர் அவியளுக்குக் குடுத்திருக்கறது இந்த ஒரு நம்பர்தான். கூப்புடற நேரத்துல அணைஞ்சு கெடந்தா, நமக்கு மனசில்லைன்னு நெனைச்சுக்க மாட்டாங்களா?"

அவள் சொல்வதும் சரிதான். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு இருக்கிறது, வற்றாத கிணறு இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் கேட்டால் "கேரளாவுக்குக் குடுக்க மாட்டோம்" என்றார்கள். இந்தப் பக்கம் கேட்டால் "தோட்டத்து வேலையா? கம்பெனி மாப்பிள்ளையாப் பார்க்கறோம்" என்றார்கள்.

போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்த வடகரப்பதி வீட்டில் மட்டும்தான், "கலந்து பேசிட்டுக் கூப்புடறோமுங்க" என்று சிரித்த முகமாக வாசல்வரை வந்து அனுப்பினார்கள். பெண் கோயமுத்தூரில் ஏதோ கம்பெனிக்குப் போகிறதாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரதீப் சொன்னான். "இதுவும் போச்சுன்னா என்னைய உட்டுரும்மா. இனி ஒரு ஊட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்."

மறுபடியும் போன்.

"வணக்கமுங்கம்மா! எங்க மூலிகைத் தைலம் வாங்கியிருந்தீங்க. எப்படி இருக்குதுங்க?"

திட்டுவதற்காக வாயைத் திறந்த கமலாத்தாள் அப்படியே நின்றாள். பெண்குரல். சிரித்துக்கொண்டே பேசும் குரல். அதுவும் நம்மூர்ப் பேச்சு.

"எங்கீங்க இருக்குது? இருந்த முடியும் உன்ற தைலத்துல போயிருச்சு அம்முணி! பொண்ணு பார்க்கப் போற அன்னைக்கு நடுமண்டையில கண்மையைத் தடவியில்ல பையனைக் கூட்டிட்டுப் போனேன்!"

"ஐயோ! வெயிலுக்கு ஒழுகியிருக்குமேங்கம்மா?"

"நல்ல வேளை, அவியூட்ல ஃபேனு சுத்துச்சு."

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு. இந்தப் பக்கம் பிரதீப் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, வெய்யிம்மா! அவங்க கூப்புட்டுட்டு இருப்பாங்க."

"இர்றா" என்று அவனைக் கையமர்த்திவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு மாட்டுச்சாளைப் பக்கம் ஒதுங்கினாள். "ஏங்கண்ணு, உனக்குக் கலியாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லீங்கம்மா. இப்பத்தான் ஒரு எடம் வந்திருக்குதுங்க. நீங்க ரெண்டாவது பாட்டில் எடுத்தா பாதி விலைதாங்க..."

"பாட்டில் கெடக்குது, நாலு எடுத்துக்கறேன். வந்த எடத்தை உடு சாமி, அங்க எப்படிப்பட்ட மாமியாளோ! நான்னா உன்னைய மகளாட்ட வெச்சுக்குவேன். என்ற பையன் கள்ளுக்கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான். வயசுதான் கொஞ்சம் கூடிப்போச்சு. புரோக்கர்கிட்ட ரெண்டு குறைச்சுச் சொல்லியிருக்கறோம்."

"அப்பறம் பொண்ணு பார்த்துட்டு வந்தோம்னீங்களேங்கம்மா?"

"அதையேன் கேக்கறே! வடகரப்பதியில ஒண்ணு. காப்பியைக் குடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சு நின்ன புள்ளை, நாங்க கெளம்பற வரைக்கும் வாயைத் தெறக்குல. ஊமையோ என்னமோ! மூஞ்சியும் சுமாருதான். வேற கதியில்லாமத்தான் தலையாட்டிட்டு வந்தோம். உன்னையாட்டத் தேனாப் பேசற புள்ளை கெடைச்சா அது எனக்கெதுக்கு? நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

 போனில், பின்னாலிருந்து வேறு யாரோ வேறு யாருக்கோ தைலத்தின் பெருமையைச் சொல்வது மட்டும் கேட்டது.

"அம்முணி? வெக்கமா? எந்த ஊரு, என்ன குலம், கூட்டம்னு சொல்லு. உங்கப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."

"உங்க பையன் பேரு... பிரதீப்புங்களா?"

"அட, ஆமா! உங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாங்கூடத் தெரியுமா?"

இவ்வளவு நேரம் பேச்சு நீள்வதைப் பார்த்துவிட்டுப் பிரதீப்பும் சாளைப் பக்கம் வந்துவிட்டான். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம். "வடகரப்பதியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை என்று கமலாத்தாள் கையை ஆட்டினாள்.

போனில் அந்தக் குரல் திரும்பி வந்தது. அதில் இப்போது சிரிப்பு இல்லை.

"எங்கப்பா இன்னைக்குச் சாயங்காலம் உங்களைக் கூப்புட்டுச் சரின்னு சொல்றதா இருந்தாருங்க, அத்தை."