நீட்டிய கை

“அம்பத்தாறு வயசா? பாத்தா அப்படித் தெரியலையே சார்” என்றாள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பெண். சோபாவில் இருந்தவர் முகம் மலர்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

ஊசி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டவர், கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கடிகாரக்காரர். ஐம்பத்தாறு வயது அவருக்குத்தான். சர்க்கரை நோயும் அவருக்குத்தான். நீட்டிய கை மட்டும் மைத்துனனுடையது.

மூன்று நாளில் கடிகாரக்காரருக்குக் கண்ணில் லேசர் சிகிச்சை. விழித்திரையில் ரத்தக்குழாய் கசிகிறதாம். பழுது பார்க்கும் கடிகாரத்தின் பல்சக்கரங்கள் சேற்றுக்குள் கிடப்பது போலத் தெரிந்தன. தள்ளிப்போட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிவைப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆறு வாரமாக மனைவி அளந்து போட்டதைத்தான் அவர் சாப்பிட்டார். நேற்று சாயங்காலம் பக்கத்துக் கடையில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு மரியாதைக்காக. அடுத்த மூன்று எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி வாங்க மனைவி கிளம்பியதும், வீட்டில் தங்கியிருந்த அவள் தம்பியிடம் சரணடைந்தார். அவன் ஆரோக்கியத்தின் மொத்த வியாபாரி. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டான்; காலியாக்குவதும் நிரப்புவதுமாகவே அவன் பொழுது போகும்.

“உடம்புன்னா என்னை மாதிரி வெச்சுக்கணும் மாமா. நான் டாக்டர் மூஞ்சியப் பாத்தே இருபது வருஷமாச்சு.” கால் மணி நேரம் இப்படிப் பாடம் நடத்திவிட்டுத்தான் சம்மதித்தான்.

சிகிச்சையன்று மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மைத்துனன் வராந்தாவில் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டான். கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்தில் கடிகாரக்காரருக்கு எதிரே எல்லாம் வெளுத்துக் கலங்கியிருந்தது. டாக்டரின் முகம் தெரியவில்லை, குரல் தெளிவாகக் கேட்டது.

“வெறும் வயித்துல முன்னூத்தி நாப்பது. இந்த அளவுல நான் கை வைக்க மாட்டேன். அடுத்த மாசம் பாக்கலாம்.”

மனைவி கறுப்புக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து டப்பென்று மூடும் சத்தம் கேட்டது. கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல், கேக் துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து மைத்துனன் நீட்டிய கை வரை எல்லாவற்றையும் கடிகாரக்காரர் கொட்டிவிட்டார்.

டாக்டர் அங்கேயே அவர் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். நூற்று நாற்பது. லேசருக்குத் தடையில்லை, மோவாயை இந்தத் தாங்கியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள் என்றார்.

பிழைத்தோம் என்று கடிகாரக்காரர் மூச்சு விட்டார். மனைவியின் செருப்புச் சத்தம் விடுவிடுவென்று வெளியே போனது. வராந்தாவில் குழாயைத் திறந்து யாரோ பாட்டில் நிரப்பும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“தம்பி, பாட்டிலக் கீழ வை. அடுத்த டோக்கன் உனக்குத்தான்.”