வேலிக்கு அந்தப் பக்கம்

மலையூர் கோல்ஃப் கிளப்புக்கு விருந்தாளியாகப் போயிருந்தோம். நான் அடித்த பந்து வேலியைத் தாண்டிச் சரிவில் உருண்டது. நானும் மனைவி தேன்மொழியும் தேடி இறங்கினோம். கீழே ஓர் அம்மன் கோயில். மரமெங்கும் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய துணித் தொட்டில்கள். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. எல்லாத் தொட்டிலிலும் கல் கிடந்தது. ஒன்றில் மட்டும் என் பந்து, அடையாளத்துக்கு நான் வரைந்த நீலக் கோட்டோடு.

அதைக் கட்டிவிட்டு அருகில் கும்பிட்டு நின்ற பெண் கண் திறந்தாள்.

"கல்லு தேடிக்கிட்டு இருந்தேங்க. ஆத்தாவே உருட்டிவிட்டா. உங்களுதுங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் தேன்மொழி, "இல்லைங்க" என்றாள். பந்தைப் பார்த்தபடியே தொட்டிலை ஒருமுறை ஆட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பாராமல், குனிந்து ஒரு கல்லைத் தேடத் தொடங்கினாள்.