சோதிக்கச் சொன்னவர்

இந்தப் பருவத்தில் இன்னும் ஒரு சிக்ஸர் அடித்தால் தனுசன் மாவட்டச் சாதனையை முறியடித்துவிடுவான். போட்டி தொடங்குமுன் கழகத் தலைவர் றஊப்பை மறித்தார் இராசதுரை.

“பெடியன் ஊசி போட்டுத்தான் அடிக்கிறான் எண்டு ஊரே கதைக்குது. விளையாட முன்னம் சிறுநீர் எடுத்துச் சோதியுங்கோ.”

“விசர்க்கதை, அண்ணன்! சல்லிக் கடற்கரையில கரைவலை இழுத்த கை அது.”

“அப்ப சோதிக்க என்ன பயம்?”

றஊப் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல சாதனையை முறியடிக்கட்டும். சோதனையில ஏதும் பிழையா வந்திட்டா?”

“பாத்தீங்களா, சந்தேகம் உங்களுக்குத்தான். எனக்கில்லை.”

“பெத்த தகப்பன் நீங்களே இப்பிடிக் கேக்கலாமா?”

“ஓம், நான்தான் கேக்கவேணும். விடிய என்னோட வலை இழுத்துப்போட்டு வந்து நிக்கிறான் என்ர மகன். சோதிச்சுப்போட்டு இறக்குங்கோ. அவன் அடிக்கிற அடிக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது.”