தப்பைச் சுற்றி ஒரு வட்டம்

கடத்தூர் மாலை வகுப்பின் கரும்பலகையில் சாய்வெயில் மஞ்சளாக விழுந்திருக்கிறது. சொல்லித்தரும் கோகிலவாணி ஓசூர்க் கம்பெனியில் உதிரிப்பாகங்களைச் சோதித்தவர். ஆசிரியப் பயிற்சி கிடையாது; அதனால் என்ன? அங்கே பழுதான இடத்தை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இங்கேயும் அவர் முழுக் கணக்கையும் அடித்துவிடுவதில்லை, தப்பு நுழைந்த வரிக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். போன மாதம்வரை நோட்டைக் கையால் மூடிக்கொண்டே எழுதிய மாணவி அனம் இன்று எல்லோர் முன்னாலும் வகுத்தல் போடுகிறாள். மூன்றாவது வரியில் சாக்பீஸின் கீச்சொலி நின்றுபோகிறது. கோகிலவாணி கைகட்டி நிற்கிறார். அனம் அந்த வரியைத் தானே வட்டமிடுகிறாள். “இங்கதாங்க மிஸ் தப்பு. நீங்க சொல்லாதீங்க, நானே போடறேன்.” தோழி நீட்டும் டஸ்டரை அவள் வாங்கவில்லை. அழிக்காமல், வட்டத்துக்குப் பக்கத்திலேயே புதிய வரியைத் தொடங்குகிறாள்.