கெட்ட தண்ணீர்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைப் பிரித்தளக்கும் அயனிக் கருவி காட்டிய அளவைப் பார்த்ததும் விஜயஸ்ரீக்குப் பகீரென்றது. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்த சுடலைமணி, ஆய்வக வாசலிலேயே காத்திருந்தார்.

“அண்ணாச்சி, உங்க கிணத்துல நைட்ரேட் ரொம்பக் கூடுதல். வயல்ல போட்ட உரம் இறங்கியிருக்கு. இதுல பால்மாவு கரைச்சுக் குடுத்தா பச்சப்புள்ள நீலம் பாரிச்சுச் செத்தே போவும்.”

“நெசமாவாம்மா?” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

விஜயஸ்ரீக்குக் கோபம் வந்தது. “உசுரு போற விசயத்தச் சொல்லுதேன், சந்தோசப்படுதீயளே!”

“எம் பேத்தி அப்படித்தாம்மா நீலம் பாரிச்சுச் செத்தா. பொம்பளப்புள்ளன்னு பெத்தவளே விசம் வச்சுட்டான்னு மாப்பிள்ள வீட்டுல கேஸ் குடுத்துட்டாவ.” சுடலைமணி ஆய்வறிக்கைக்குக் கை நீட்டினார். “எம்மவ ஜெயில்ல கெடக்காம்மா.”