நன்றி சொல்ல வந்தவர்கள்

போன வருஷம் எங்கோ தூரதேசத்து ஏழைச் சபைக்குப் பழைய துணி மூட்டைகளை அனுப்பிவைத்த மாதர் சங்கத் தலைவிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அந்தச் சபையின் போதகரே ஒரு குழுவோடு நேரில் வந்துவிட்டார்.

“என் ஜிப் போன கோட்டைப் பத்திக் கேட்டுடப் போறாங்க,” என்று கணவர் முணுமுணுத்தார்.

“ஏழைங்களுக்கு ஜிப் எதுக்கு? சும்மா இருங்க!” என்று அதட்டிவிட்டு, போதகரிடம் குழைந்தாள். “நன்றி சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

போதகர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “மூட்டையைப் பிரிச்சதும் எங்க சபையே அழுதுடுச்சும்மா. உடனே உங்களுக்காக உபவாச ஜெபம் வெச்சோம்.”

“எங்களுக்காகவா?”

“அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதே இப்படின்னா, நீங்க உடுத்துறது எந்த லட்சணத்துல இருக்கும்! மனசு தாங்கலைம்மா. வீடு வீடாப் போய்ச் சேர்த்தோம்.”

வேனிலிருந்து பெட்டிகள் இறங்கின. எல்லாம் புதுத் துணி. ஒன்றில் மட்டும் மேலாக ஒரு பழைய கோட்டு, புது ஜிப் வைத்துத் தைத்து, தேய்த்து மடித்திருந்தது.

போதகர் அதை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். “கூச்சப்படாதீங்கய்யா. உங்களுக்குச் சேருதான்னு போட்டுப் பாருங்க.”